சீப்புக்கு அப்புறம்

சின்னவள்: ...அதோ அந்தச் சுவத்துல மாட்டியிருக்கிற எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் படிச்சுக் காட்டறேன். அப்பவாவது வீட்டுக்குப் போகலாமா அக்கா?

பெரியவள்: படிக்க வேண்டாம். உனக்குப் பார்வை தெரியலன்னு யாரு சொன்னா?

சின்னவள்: பின்ன எதுக்குக் கண் டாக்டர்?

பெரியவள்: முழி நகரல.

சின்னவள்: ஐயோ... மறுபடியும் ஆரம்பிச்சுட்டா.

பெரியவள்: நேத்து ஒரு தடவைகூட நகரல. நாடகம் ஆரம்பிச்சதுல இருந்து முடியற வரைக்கும். நான் உன் வலது கண்ணைப் பாத்தேன். இடது கண்ணைப் பாத்தேன். திரும்ப வலது. எடுத்து வெச்ச பொம்மை மாதிரி என்னையே பாத்துக்கிட்டு இருந்த.

சின்னவள்: உன்னைப் பாக்காம வேற யாரைப் பாக்கறது? எதிர்ல நீதானே உக்காந்திருக்க? அதுதானே என் வேலையே...

பெரியவள்: மெதுவா பேசு.

சின்னவள்: பாத்தியா, ஆஸ்பத்திரியிலகூட மெதுவாத்தான் பேசணும்.

பெரியவள்: யாராவது நாடகம் பாத்தவங்க இங்க இருந்தா? ரெண்டு பேரையும் ஒண்ணா பாத்தா முடிஞ்சுது கதை. அதுக்குத்தான் முகத்துல துணி கட்டிக்கிட்டு வான்னு சொன்னேன்.

சின்னவள்: முகத்தை மூடிக்கிட்டுக் கண்ணைக் காட்ட வர்ற முதல் ஆளு நானாத்தான் இருப்பேன். உனக்கென்ன, நீ போஸ்டர்ல இருக்கிற மூஞ்சி. நான் கண்ணாடிக்குள்ள இருக்கிற மூஞ்சி. வெளியில வந்தா குத்தம்.

பெரியவள்: ஆமா, குத்தம்தான். மேடையில இருக்கிற அந்த அலங்கார மேசையில கண்ணாடியே கிடையாது, வெறும் சட்டம், அதுக்கு அந்தப் பக்கம் என் கூடப் பொறந்தவ உக்காந்திருக்கான்னு தெரிஞ்சா அப்புறம் யாரு வருவா? நான் எழுந்து போன பிறகும் கண்ணாடிக்குள்ள உருவம் மட்டும் அப்படியே உக்காந்திருக்கும் பாரு... அப்போ ஹான்னு ஒரு சத்தம் வருமே, அதுக்குத்தான் ஜனம் வருது.

சின்னவள்: அந்த உருவம் யாருன்னு எனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கு அக்கா.

பெரியவள்: நேத்து அந்த ஹா வரல. ஏன் வரல?

சின்னவள்: மழை. கூட்டம் கம்மி. பின் வரிசையெல்லாம் பாதி காலி.

பெரியவள்: உனக்கு எப்படித் தெரியும்? நீ உக்காந்திருக்கிற இடத்துல இருந்து பாத்தா என் மூஞ்சிக்குப் பின்னால கும்மிருட்டு.

சின்னவள்: விளக்குக்காரர் சொன்னார்.

பெரியவள்: அவர் யார்கிட்டயும் ரெண்டு வார்த்தை சேந்தாப்ல பேச மாட்டாரே...

சின்னவள்: நேத்து பேசினார். மழையில நனைஞ்சு வந்தவர், பேசிட்டார். இப்ப அவரையும் கூட்டிட்டு வந்து வாயைப் பரிசோதிக்கணுமா?

பெரியவள்: இருமல் மிட்டாய்கூட நீ போட்டுக்கல.

சின்னவள்: என்னது?

பெரியவள்: தினமும் உன் மூச்சுல அந்த வாசனை வரும். நேத்து வரல. கொஞ்சம் தள்ளி உக்காந்திருந்த மாதிரியும் இருந்துச்சு. நான் கிட்ட வந்தா கிட்ட வந்த, தள்ளிப் போனா தள்ளிப் போன... ஆனா நீ இல்லாத மாதிரியே ஒரு...

சின்னவள்: இருமல் இல்ல, அதனால மிட்டாய் இல்ல. இதுக்கெல்லாம் போய்... சரி, ஒண்ணு கேக்கறேன். என் முழி நகர்ந்தா உனக்கென்ன, நகரலன்னா உனக்கென்ன?

பெரியவள்: பயந்துட்டேன்.

சின்னவள்: அவ்வளவுதானா?

பெரியவள்: அவ்வளவுதான். ராத்திரி பூரா தூங்கல. நரம்புல ஏதாவது ஆயிருந்தா முதல்ல கண்ணுலதான் தெரியும்னு எங்கேயோ படிச்சேன்.

சின்னவள்: உன்னை யாரு கண்டதையும் படிக்கச் சொன்னா... எழுந்திரு, கதவு தெறக்குது.

டாக்டர்: அடுத்தது யாரு... உள்ள வாங்க. ரெண்டு பேருமா? ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். நீங்க துணியைக் கழட்டுங்கம்மா... அட. என் கண்ணுல கோளாறா, இல்ல நிஜமாவே ரெண்டு பேரா?

சின்னவள்: ரெண்டு பேர்தான் டாக்டர். பயப்படாதீங்க.

டாக்டர்: காலையில இருந்து ஆளாளுக்கு ஒண்ணு ரெண்டாத் தெரியுதுன்னு சொல்லிட்டு வர்றாங்க. இப்ப எனக்கே தெரிய ஆரம்பிச்சுடுச்சோன்னு பாத்தேன். சரி, யாருக்குக் கண்ணு?

பெரியவள்: இவளுக்கு.

சின்னவள்: இவளுக்கு.

டாக்டர்: முதல்ல அதை முடிவு பண்ணுங்க.

பெரியவள்: இவளுக்குத்தான் டாக்டர், என் தங்கச்சிக்கு. இடது கன்னத்துல மரு இருக்கிறவ நான், இல்லாதவ இவ. அப்படி ஞாபகம் வெச்சுக்கோங்க. இவளுக்கு முழி அசைய மாட்டேங்குது.

டாக்டர்: வாங்கம்மா, இங்க உக்காருங்க. இந்தப் பேனாவைப் பாருங்க. தலையை ஆட்டாம... பேனா கூடவே வாங்க... நல்லது. இப்ப என் விரலைப் பாருங்க. மூக்கைப் பாருங்க. விரல். மூக்கு. விரல்... நல்லாத்தானே இருக்கு? முயல்குட்டி மாதிரி துள்ளுது.

பெரியவள்: இப்ப துள்ளுது. நேத்து துள்ளல.

டாக்டர்: நேத்து எப்போ?

பெரியவள்: சாயங்காலம். நாங்க எதிரெதிரே உக்காந்திருந்தோம். மூஞ்சிக்கு மூஞ்சி. கொஞ்சநஞ்ச நேரம் இல்ல டாக்டர்.

டாக்டர்: ரெண்டு பேரும் எதிரெதிரே உக்காந்துக்கிட்டு... என்ன பண்ணுவீங்க?

பெரியவள்: தையல்.

சின்னவள்: சீட்டாட்டம்.

டாக்டர்: எது?

சின்னவள்: தைச்சு முடிச்சதும் சீட்டாட்டம்.

டாக்டர்: சரி, ஏதோ ஒண்ணு. இவங்க கண் அசையலன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

பெரியவள்: நான் இவ ஒரு கண்ணைப் பாத்துட்டு இன்னொரு கண்ணைப் பாப்பேன். அவளும் என்னை அப்படித்தான் பாப்பா. அவ முழி இங்கிருந்து அங்க போறது எனக்குத் தெரியும். சின்னதா ஒரு துள்ளு. நேத்து அது இல்ல. எப்பப் பாத்தாலும் முழி நேரா என் மேலேயே நிக்குது. நான் எந்தக் கண்ணைப் பாத்தாலும் அந்தக் கண்ணு ஏற்கனவே என்னைப் பாத்துக்கிட்டு இருக்குது. வர்றதும் தெரியல, போறதும் தெரியல.

டாக்டர்: இதைக் கேட்டா எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வருது. இந்தாங்க, இந்தக் கைக்கண்ணாடியைப் பிடிங்க.

சின்னவள்: டாக்டர், சொட்டு மருந்து ஏதாவது எழுதிக் குடுத்து அனுப்புங்களேன். நாங்க கிளம்பறோம்.

டாக்டர்: எதுக்கும்மா மருந்து, கண்ணு நல்லா இருக்கும்போது? இருங்க. நீங்க, மரு வெச்ச அக்கா... கண்ணாடியில உங்க வலது கண்ணைப் பாருங்க. பாத்தாச்சா? இப்ப இடது கண்ணைப் பாருங்க. மாத்தி மாத்திப் பாருங்க. உங்க முழி நகர்றது தெரியுதா?

பெரியவள்: இல்ல. நகரல... எனக்கும் நகரல! டாக்டர், எனக்கும் அதே வியாதியா?

டாக்டர்: பதறாதீங்க. தங்கச்சி, நீங்க சொல்லுங்க. அக்கா கண்ணு நகருதா?

சின்னவள்: ...நகருது. நல்லாவே நகருது.

பெரியவள்: பொய் சொல்லாத.

டாக்டர்: பொய்யில்லம்மா. எனக்கும் தெரியுது. உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. யாருக்குமே தன் கண்ணு நகர்றது கண்ணாடியில தெரியாது. கண்ணு ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுது பாருங்க, அந்தத் தாவற நேரத்துல மூளை பார்வைக்குத் திரை போட்டுடும்.

பெரியவள்: திரைன்னா... இருட்டாவா?

டாக்டர்: இருட்டுன்னுகூடத் தெரியாது. தெரிஞ்சா தலை சுத்திடும். ஒவ்வொரு தடவை கண்ணு தாவும்போதும் எதிர்ல இருக்கிறதெல்லாம் ஓடற வண்டியில இருந்து பாக்கிற மாதிரி இழுத்துக்கிட்டுப் போகும். அதைப் பாத்துக்கிட்டு மனுஷன் ஒரு படி இறங்க முடியுமா? அதனால அந்தத் துண்டை மூளை நம்மகிட்ட காட்டறதில்ல. முன்னால பாத்ததையும் பின்னால பாத்ததையும் ஒட்டிக் குடுத்துடுது. தையல்காரங்கதானே நீங்க, ஒட்டுப் போட்டது தெரியாம தைக்கிற மாதிரி வெச்சுக்கோங்களேன்.

பெரியவள்: அப்போ நாள் பூரா...

டாக்டர்: நாள் பூரா அப்பப்போ குருடாத்தான் இருக்கோம். நீங்க, நான், எல்லாரும். யாரும் கவனிக்கிறதில்ல.

பெரியவள்: இருங்க, எனக்குக் குழம்புது. இவ கண்ணு நகர்ந்திருக்கு, ஆனா அந்த நேரம் பாத்து என் கண்ணும் தாவினதால எனக்குத் தெரியாம போயிடுச்சுன்னு சொல்றீங்களா?

டாக்டர்: ஒண்ணு ரெண்டு தடவை அப்படி ஆகலாம். சாயங்காலம் பூரா அப்படியேவா ஆகும்? அவங்க கண்ணு அவங்க இஷ்டத்துக்குத் தாவும், உங்க கண்ணு உங்க இஷ்டத்துக்கு. நேர்ல இன்னொருத்தர் கண்ணைப் பாத்தா நகர்றது தெரிஞ்சே ஆகணும்.

பெரியவள்: தெரியலன்னா?

சின்னவள்: அக்கா, நேரமாகுது...

பெரியவள்: நீ சும்மா இரு. தெரியலன்னா டாக்டர்?

டாக்டர்: அதுதான் எனக்கும் புரியல. நீங்க பாக்கிற அதே நொடியில, நீங்க பாக்கிற மாதிரியே பாக்கிற கண்ணா இருந்தாத்தான் உங்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு கண்ணு உங்களோடது மட்டும்தான். கண்ணாடியில. நேத்து நீங்க கண்ணாடி எதையாவது பாத்துக்கிட்டு இருந்தீங்களா?

பெரியவள்: கண்ணாடியா...

டாக்டர்: என்னம்மா?

பெரியவள்: ஒண்ணுமில்ல.

டாக்டர்: பக்கத்து அறையில ஒருத்தருக்குச் சொட்டு மருந்து விட்டுட்டு வந்திருக்கேன். பாத்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி, தையலா சீட்டாட்டமான்னு முடிவு பண்ணி வைங்க.

சின்னவள்: அக்கா, அதைக் கீழ வை. டாக்டர் கண்ணாடி.

பெரியவள்: இரு. வலது... இடது... ஆமா. இதே முழிதான். நேத்து பூரா என்னைப் பாத்துக்கிட்டு இருந்தது இதுதான். நீ வலது கன்னத்துல வரையற மரு எப்பவுமே கொஞ்சம் கீழ இறங்கித்தான் இருக்கும். நேத்து அச்சு அசலா இருந்துச்சு. அடடா, இவளுக்கும் பொறுப்பு வந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டேன்டி.

சின்னவள்: சாமான் அறையில போர்வை சுத்தி நிறுத்தி வெச்சிருந்தாங்க. அந்த மேசையோட சொந்தக் கண்ணாடி. வேற எங்கேயும் இருந்து கொண்டு வரல. அந்தச் சட்டத்துல, அது முன்னால இருந்த இடத்துலதான் திரும்ப மாட்டி வெச்சேன்.

பெரியவள்: நான் ஒரு நாடகம் பூரா கண்ணாடியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன். கண்ணாடியை! நீன்னு நெனச்சு!

சின்னவள்: ஊரே என்னைக் கண்ணாடின்னு நெனைக்குது. நீ ஒருத்தி கண்ணாடியை நான்னு நெனச்சுட்ட.

பெரியவள்: சிரிக்காத. எனக்கு வர்ற கோவத்துக்கு... இங்க வரைக்கும் ஏன்டி வந்த? அந்த டாக்டர் எதிர்ல விரலு மூக்குன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியே, அப்பவே சொல்றதுக்கென்ன?

சின்னவள்: காலையில கண்ணெல்லாம் வீங்கி வந்து நின்ன. "உனக்கு ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்"னு சொல்லிக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்த. வழி பூரா என் கையை விடல. எந்த இடத்துல சொல்றது?

பெரியவள்: எங்க இருந்த நேத்து?

சின்னவள்: கடைசி வரிசை. தூணுக்குப் பக்கத்துல. டிக்கெட் வாங்கித்தான் உக்காந்தேன்.

பெரியவள்: டிக்கெட்டா!

சின்னவள்: முகத்துல துணி கட்டிக்கிட்டுத்தான். உன் ரகசியம் பத்திரமா இருக்கு.

பெரியவள்: எதுக்கு?

சின்னவள்: ஜனம் என்னைப் பாக்கும்போது எதைப் பாக்குதுன்னு பாக்கணும்னு இருந்துச்சு. யோசிச்சுப் பாரு அக்கா... நீ முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்க. அவங்க பாக்கிறது என் மூஞ்சி. அழறது என் மூஞ்சியைப் பாத்து. கைத்தட்டும்போது நீ குனிஞ்சு வணக்கம் சொல்ற. நான் கறுப்புத் துணிக்குப் பின்னால குத்த வெச்சு உக்காந்திருக்கேன், ஹால் காலியாகிற வரைக்கும்.

பெரியவள்: ...என்ன பாத்த?

சின்னவள்: ஒரு வித்தியாசமும் இல்ல. என் வேலையைக் கண்ணாடி என்னைவிட நல்லா செய்யுது. இருமாது. மருவைக் கீழ வரையாது. ஓரத்துல உக்காந்திருந்தவங்களுக்குக் கண்ணாடியில உன் மூஞ்சி தெரியல, வெறும் இருட்டுதான் தெரிஞ்சிருக்கும், அவங்ககூட ஒண்ணும் கேக்கல. கடைசியில நீ எழுந்து போன பாரு... சட்டத்துக்குள்ள யாரும் இல்ல. ஆளு போனா உருவமும் போயிடும்தானே, அதுதானே இயல்புன்னு எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான்தான் ஹான்னு கத்திட்டேன்.

பெரியவள்: நீயா?

சின்னவள்: பக்கத்துல இருந்தவர் திரும்பி ஒரு முறை முறைச்சார்.

பெரியவள்: எனக்குக் கேக்கலையே.

சின்னவள்: உனக்குக் கேக்காது. நீ படிக்கட்டு இறங்கிட்ட... அக்கா, இன்னொண்ணு சொல்லணும். வேற குழுவுல என்னைக் கூப்பிட்டிருக்காங்க. சின்ன வேஷம். தபால்காரி. கதவைத் தட்டி நாலு வார்த்தை பேசிட்டுப் போறவ. ஆனா பேசணும் அக்கா. வாயைத் தெறந்து. என் பேரு போஸ்டர்ல, கீழ, சின்ன எழுத்துல.

பெரியவள்: அதுக்குத்தானா இந்தக் கண்ணாடி வேலை?

சின்னவள்: நான் இல்லாம ஓடுமான்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்னு இருந்தேன். ஓடுது. கடைசி மட்டும் மாத்தி எழுதினா போதும்.

பெரியவள்: ஓடுச்சா...

சின்னவள்: ஓடினது மட்டுமா? நடுவுல ஒரு இடம். சீப்பைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டியே, வழக்கமா அங்க நிறுத்தவே மாட்ட. ஒண்ணும் செய்யாம, தன்னையே பாத்துக்கிட்டு... எவ்வளவு நேரம்! ஒருத்தர் இருமல, அசையல. எனக்கு முன்னால ஒரு அம்மா மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருந்தாங்க. இதை இவ எப்பச் சேத்தா, என்கிட்ட சொல்லவே இல்லையேன்னு... இயக்குநர் சொல்லிக் குடுத்தாரா?

பெரியவள்: இல்ல.

சின்னவள்: நீயே யோசிச்சியா?

பெரியவள்: அது நடிப்பில்லடி.

சின்னவள்: பின்ன?

பெரியவள்: உனக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்.

சின்னவள்: எனக்காகவா? எதுக்கு? நீ செய்வ, நான் பாத்துச் செய்வேன். அதுதானே ஏற்பாடு?

பெரியவள்: அப்படித்தான் ஆரம்பிச்சோம். கொஞ்ச நாளா... விளக்கு மூஞ்சியில விழுந்ததும் எல்லாம் அழிஞ்சு போயிடுது. எதுக்கு அப்புறம் எதுன்னு தெரியல. வீட்டுல கேட்டா ஒப்பிப்பேன். அங்க போய் உக்காந்தா ஒண்ணும் இல்ல. வெறும் சுவரு.

சின்னவள்: என்ன சொல்ற... தினமும் ஒண்ணுவிடாம செய்யறியே?

பெரியவள்: நீ காட்டறியே.

சின்னவள்: நானா?

பெரியவள்: அடுத்து எதை எடுக்கணுமோ அந்தச் சாமானை நீ முன்னாடியே ஒரு கண் பாத்துடுவ. உனக்கே தெரியாது. முழி அந்தப் பக்கம் ஒரு துள்ளு துள்ளிட்டு வந்துடும். அதைப் பாத்துத்தான் நான் கையை நீட்டறேன்.

சின்னவள்: நான் உன் கையைப் பாத்துத்தானே நீட்டறேன்?

பெரியவள்: நீ என் கையைப் பாத்து. நான் உன் கண்ணைப் பாத்து.

சின்னவள்: அப்போ நம்ம ரெண்டு பேர்ல யாரு...

பெரியவள்: அதைக் கேக்காத. எனக்கே தலை சுத்துது. நேத்து சீப்பு வரைக்கும் எப்படியோ வந்துட்டேன். அதுக்கப்புறம் உன் கண்ணு எங்க போகும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அது போகவே இல்ல. என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் அதுக்காகக் காத்திருக்கேன், அது எனக்காகக் காத்திருக்கு. அப்போ நெனச்சேன், இவளுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு. எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனைக்கத் தோணல பாரு.

சின்னவள்: அப்புறம் எப்படி முடிச்ச?

பெரியவள்: விளக்குக்காரர் புண்ணியம் கட்டிக்கிட்டார். பாத்துப் பாத்து, வெளிச்சத்தைக் குறைச்சுட்டார். அதுதானே எழுந்து போறதுக்கு அடையாளம்? எழுந்துட்டேன்.

சின்னவள்: அதான் சீக்கிரம் முடிஞ்சுதா... நான் ஏதோ பெரிய கலைன்னு நெனச்சுக்கிட்டு... யார்கிட்டயாவது சொன்னியா?

பெரியவள்: போஸ்டர்ல இருக்கிறவ எப்படிச் சொல்றது?

சின்னவள்: என்கிட்டயாவது...

பெரியவள்: உன்கிட்டதான் முதல்ல சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.

சின்னவள்: டாக்டர் வர்ற சத்தம் கேக்குது. கண்ணைத் துடைச்சுக்கோ.

பெரியவள்: வரட்டும். நீ தபால்காரியா போ. நான் குறுக்க நிக்கல. முதல் வரிசையில வந்து உக்காந்து, நீ கதவைத் தட்டினதும் ஹான்னு நான் கத்தறேன், யாரு முறைச்சாலும் சரி. ஆனா சாயங்காலம் நாடகம் இருக்குடி... இங்க வா. இந்த நாற்காலியை இழுத்து என் எதிர்ல போட்டு உக்காரு. வாயால சொல்லாத, சொன்னா அங்க போனதும் மனசுல நிக்க மாட்டேங்குது. சீப்புக்கு அப்புறம் எதுன்னு... ஒரே ஒரு தடவை, கண்ணால காட்டேன்.